சிதறிக் கிடக்கும் புள்ளிகளில் எந்த இரண்டை எடுப்பது?

பிப்ரவரி 3, மாலை (கேள்வி)

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நேர்கோட்டுச் சமன்பாடு நன்றாகவே போடுகிறாள். இரண்டு புள்ளி கொடுத்தால் சாய்வு கண்டுபிடிப்பாள், ஒய் அச்சை எங்கே வெட்டும் என்று சொல்வாள், கோடும் வரைவாள். ஆனால் சிதறல் வரைபடத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளைப் போட்டு "பொருத்தமான கோடு வரைக" என்றால் பென்சிலை வைத்துவிடுகிறாள். "இதுல எந்த ரெண்டு புள்ளிய எடுக்கணும்?" என்கிறாள். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டேன். அது சரியா?

பிப்ரவரி 3, இரவு

சரியில்லை. ஆனால் உங்கள் மகள் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி, அதை அடக்கிவிடாதீர்கள். இரண்டு புள்ளி இருந்தால் ஒரு கோடு, ஒரே ஒரு கோடு என்று முந்தின பாடம் வரை சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த பாடத்தில் திடீரென்று பன்னிரண்டு புள்ளிகளைப் போட்டு, எதன் மேலும் படாத ஒரு கோட்டை வரையச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் நிற்காது? அவள் கற்றதை நம்பியதால்தான் நிற்கிறாள்.

என் அண்ணன் மகளும் இதே இடத்தில் நின்றாள். அவளோடு உட்கார்ந்து நான் செய்ததை நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

ஒரு மெழுகுவத்தியை ஒரு தட்டில் நிறுத்தி ஏற்றினோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து, பக்கத்தில் அளவுகோலை நிமிர்த்தி வைத்து, உயரத்தைப் படித்தாள். தொடக்கத்தில் 15.0 சென்டிமீட்டர். 10 நிமிடத்தில் 14.2. 20-ல் 13.1. 30-ல் 12.3. 40-ல் 11.2. இவ்வளவுதான், ஐந்தே புள்ளிகள்.

கிராஃப் தாளில் போட்டதும் "கோடு மாதிரி இருக்கு அத்தை, ஆனா கோடு இல்ல" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் புத்தகத்தை மூடிவிட்டு மெழுகுவத்தியை எடுத்தேன். சரி, மெழுகுவத்தி எப்போது தீரும் என்று கேட்டேன். முதல் இரண்டு புள்ளிகளை எடுத்தாள். பத்து நிமிடத்தில் 0.8 குறைந்திருக்கிறது, அதாவது நிமிடத்துக்கு 0.08. பதினைந்தை அதால் வகுத்தால் 187 நிமிடம். அடுத்து, இரண்டாவது மூன்றாவது புள்ளிகளை எடுக்கச் சொன்னேன். இப்போது நிமிடத்துக்கு 0.11. அந்தக் கோட்டை நீட்டினால் 139 நிமிடத்திலேயே தீர்ந்துவிடுகிறது. ஒரே மெழுகுவத்தி, ஒரே தாள், கணக்கில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் விடைகளுக்கு நடுவில் 48 நிமிடம்! அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. எந்த இரண்டை எடுப்பது என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது: எந்த இரண்டையும் எடுக்கக் கூடாது, ஐந்தையும் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு அளவிலும் ஒரு சின்னப் பிசகு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண் சற்று மேலே இருந்திருக்கலாம், மெழுகு ஒரு பக்கம் வழிந்திருக்கலாம். இரண்டே புள்ளிகளை நம்பினால் அந்த இரண்டின் பிசகும் முழுசாகக் கோட்டில் ஏறிவிடும், அதுவும் அருகருகே இருக்கும் புள்ளிகளென்றால் ரொம்பவே ஏறும். நீங்கள் சொன்ன முதலும் கடைசியும் அருகருகே இருப்பவற்றைவிடப் பரவாயில்லை, தூரம் அதிகம் என்பதால். ஆனாலும் நடுவில் உள்ளவற்றின் பேச்சைக் கேட்காத கோடு அது.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

கோட்டை எப்படிப் போட்டோம் என்று எழுத மறந்துவிட்டேன். தாளின் மேல் ஒரு கறுப்பு நூலை இழுத்துப் பிடித்து, பாதிப் புள்ளிகள் மேலேயும் பாதிப் புள்ளிகள் கீழேயும் வரும்படி நகர்த்தினோம். அளவுகோலைவிட நூல் நல்லது, அடியில் இருக்கும் புள்ளிகளை மறைக்காது.

பிப்ரவரி 6

மேலே எழுதியதில் ஒரு தப்பு. "பாதி மேலே பாதி கீழே" என்பதை நானே பள்ளியில் அப்படித்தான் கற்றேன், அது விதி இல்லை. கண்ணளவுக்கு ஒரு தொடக்கம், அவ்வளவுதான். கோட்டைத் தலைகீழாகச் சாய்த்துக்கூட பாதியை மேலேயும் பாதியைக் கீழேயும் வைக்க முடியும். அண்ணன் மகள் அதைச் செய்தே காட்டினாள்.

ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வர்க்கமாக்கிக் கூட்டி, அந்தக் கூட்டல் மிகக் குறைவாக வரும் கோட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், எங்கள் ஐந்து புள்ளிகளுக்குச் சிறப்பாகப் பொருந்துவது இது:

உயரம் = 15.06 − 0.095 × நிமிடம்

இதற்கு மேலே இரண்டு புள்ளிகள், கீழே மூன்று. விலகல்களை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் கோட்டுக்கு எவ்வளவு மேலே (+) அல்லது கீழே (−) என்பதை, எழுதினால் −0.06, +0.09, −0.06, +0.09, −0.06. கூட்டினால் சரியாகச் சுழியம். இந்தக் கோட்டுப்படி உயரம் சுழியமாவது 158-வது நிமிடத்தில், அவள் கண்ட 139-க்கும் 187-க்கும் நடுவில்.

ஒய், எக்ஸ் என்று எழுதாமல் உயரம், நிமிடம் என்று எழுதியது வேண்டுமென்றேதான். ஒய் = எம் எக்ஸ் + சி என்று எழுதினால் எம் வெறும் எழுத்து. இப்படி எழுதினால், ஒரு நிமிடத்தில் எவ்வளவு கரைகிறது என்பதுதான் சாய்வு, ஏற்றும் முன் எவ்வளவு உயரம் இருந்தது என்பதுதான் வெட்டுத்துண்டு என்று பிள்ளையே சொல்லிவிடும். கழித்தல் குறி ஏன் வந்தது என்று நான் கேட்கவே இல்லை, "குறையுதே" என்று அவளே சொன்னாள். எழுத்துகளுக்கு அப்புறம் வரலாம், அவை ஓடிப்போகாது.

இன்னொரு திருத்தம். விலகலை அளக்கும்போது நான் முதலில் புள்ளியிலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக, மூலைமட்டம் வைத்து அளக்கச் சொன்னேன். அது தப்பு. அச்சுக்கு இணையாக நேர் மேலே அல்லது நேர் கீழே அளக்க வேண்டும். நாம் கேட்பது "இந்த நிமிடத்தில் கோடு சொன்ன உயரம் எவ்வளவு, நிஜத்தில் எவ்வளவு" என்பதைத்தான். நிமிடம் மாறக் கூடாது, உயரம் மட்டும்தான் ஒப்பிடப்படுகிறது. சாய்வாக அளந்தால் நிமிடமும் சென்டிமீட்டரும் கலந்துபோகும்.

பிப்ரவரி 7

விலகல்களின் கூட்டல் சுழியமானால் போதாதா, எதற்கு வர்க்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. புள்ளிகளின் சராசரி நிமிடம் 20, சராசரி உயரம் 13.16. இந்தச் சராசரிப் புள்ளி வழியாகப் போகும் எந்தக் கோட்டுக்கும் விலகல்கள் கூடிச் சுழியமாகிவிடும். 13.16-ல் படுக்கையாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள்: +1.84, +1.04, −0.06, −0.86, −1.96. கூட்டல் சுழியம்தான். ஆனால் அந்தக் கோடு சொல்வது மெழுகுவத்தி கரையவே இல்லை என்பது.

அதனால் ஒவ்வொரு விலகலையும் வர்க்கமாக்கிக் கூட்டுகிறோம், கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாது. படுக்கைக் கோட்டுக்கு 9.05 வருகிறது. முதல் இரண்டு புள்ளிகளைச் சேர்த்த கோட்டுக்கு 0.54. சிறந்த கோட்டுக்கு 0.027. எத்தனை கோடு வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள், இதற்குக் கீழே இறங்காது. இவை மூன்றையும் அவளையே கணக்கிட வைத்தேன். 0.54-க்கும் 0.027-க்கும் சரியாக இருபது மடங்கு என்று வந்ததும் கணக்கியில் இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

வர்க்கமாக்காமல் குறியை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால் என்ன என்பது அவளுடைய அடுத்த கேள்வி. அப்படியும் செய்யலாம், அதுவும் ஒரு முறைதான். வர்க்கமாக்கினால் பெரிய விலகலுக்குப் பெரிய தண்டனை கிடைக்கிறது, கணக்கும் ஒரே விடையில் சுலபமாக முடிகிறது. இந்த மீச்சிறு வர்க்க முறையை 1805-ல் முதலில் அச்சில் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெழாந்தர். 1809-ல் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் தன் நூலில், நான் 1795-லிருந்தே இதைப் பயன்படுத்தி வருகிறேன் என்று எழுத, பெரிய மனக்கசப்பு. 1801-ல் சீரிஸ் என்ற சிறுகோளைச் சில வாரங்கள் பார்த்தபின் வானியலாளர்கள் தவறவிட்டபோது, கையில் இருந்த கொஞ்சம் அளவுகளை வைத்து அது எங்கே மறுபடி தென்படும் என்று காஸ் கணித்துச் சொன்னதும் அந்த ஆண்டு முடிவதற்குள் அது கிடைத்ததும் இந்தக் கதையோடு சேர்ந்தே சொல்லப்படுவது. எல்லாருக்கும் ஒரே சிக்கல்: அளவுகள் நிறைய, ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, எதை நம்புவது?

பிப்ரவரி 7, இரவு

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்குப் பள்ளியில் இந்தக் கணக்குக்குச் சுழியம் போட்டார்கள். என் கோடு விடைத்தாளில் இருந்த கோட்டோடு ஒத்துப்போகவில்லையாம். சாய்வு கொஞ்சம்தான் வேறு. கண்ணால் வரையச் சொல்லிவிட்டு ஒரே விடையை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அழுதேன். தயவுசெய்து உங்கள் மகளின் கோட்டை விடையோடு ஒப்பிடாதீர்கள். புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். ஏன் இப்படி வரைந்தாய் என்று கேளுங்கள், காரணம் சொன்னால் அது சரியான கோடு.

பிப்ரவரி 11

மெழுகுவத்தி கடைசியில் எப்போது அணைந்தது என்று கேட்டீர்கள். 148-வது நிமிடத்தில். உருகிய மெழுகில் திரி மூழ்கிவிட்டது. கோட்டின்படி அப்போது மீதி 1.0 சென்டிமீட்டர் இருந்திருக்க வேண்டும். அடிக்கட்டையை ஆறவிட்டு அவள் பள்ளி அளவுகோலால் அளந்தாள், 1.5. மறுபடி அளந்தாள், 1.5தான்.

அவளுக்குக் கோட்டின் மேல் கோபம். எனக்கும் முதலில் புரியவில்லை. கடைசி நூறு நிமிடமும் மெதுவாக எரிந்ததோ, கோடு அங்கே வளைகிறதோ என்றெல்லாம் யோசித்தோம். அப்புறம்தான் நாங்கள் முதலில் பயன்படுத்திய பெரிய அளவுகோலை எடுத்துப் பார்த்தாள். அதில் சுழியக் கோடு விளிம்பில் இல்லை, அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது! விளிம்பைத் தட்டில் ஊன்றி நிறுத்தி அளந்ததால் எங்கள் ஐந்து அளவுகளும் அரை சென்டிமீட்டர் குறைவு.

இப்போது அவளிடம் கேட்டேன்: ஐந்து புள்ளிகளையும் அரை சென்டிமீட்டர் மேலே தூக்கினால் கோடு என்னவாகும்? சாய்வு மாறாது, 0.095 அப்படியே. வெட்டுத்துண்டு மட்டும் 15.56 ஆகும். வீட்டுப்பாடத்தில் "சி-ஐ மாற்றினால் கோடு இணையாக நகரும்" என்று ஏற்கெனவே எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். அதே வாக்கியம் ஒரு பழைய அளவுகோலிலிருந்து திரும்பி வந்தபோதுதான் அவளுக்கு அது புரிந்தது. எனக்கும் ஒன்று புரிந்தது: எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவான பிழை சிதறலில் தெரியவே தெரியாது. புள்ளிகள் கோட்டை ஒட்டி அழகாக நிற்கும், கோடே இடம் தப்பி நிற்கும்.

பிப்ரவரி 11, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, முந்தைய குறிப்போடு சேர்த்துப் படிக்க ஒன்று. 1929-ல் ஹபிள் என்ற வானியலாளர் விண்மீன் மண்டலங்களின் தூரத்தையும் அவை விலகிச் செல்லும் வேகத்தையும் ஒரு வரைபடத்தில் போட்டார். புள்ளிகள் நன்றாகவே சிதறிக் கிடந்தன, ஆனால் தூரம் கூடக்கூட வேகமும் கூடியது, நடுவே ஒரு கோடு. அவருக்குக் கிடைத்த சாய்வு ஒரு மெகாபார்செக்குக்கு (விண்மீன் மண்டலங்களின் தூரத்தை அளக்கும் அலகு) வினாடிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். இன்றைய அளவு 70-ஐ ஒட்டியது. தூரங்களை எல்லாம் மிகக் குறைவாக மதிப்பிட்டிருந்ததால் வந்த பிழை. எங்கள் அளவுகோல் கூட்டல் பிழை செய்தது, வெட்டுத்துண்டு நகர்ந்தது. அங்கே பிழை பெருக்கலில் விழுந்தது, அதனால் சாய்வே ஏழு மடங்கு தப்பியது. ஆனாலும் அங்கே ஒரு நேர்கோடு இருக்கிறது என்று அவர் சொன்னது நின்றது. எட்டாம் வகுப்புக் கணக்கு அது, பிரபஞ்சம் விரிகிறது என்பதைக் காட்டியது.

பிப்ரவரி 15

கோட்டின் மேல் படாத புள்ளிகளை அழித்துவிடலாமா என்று யாரோ உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூடவே கூடாது. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 வினாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போனதுதான் காரணம். முந்தின இரவே பொறியாளர்கள் சிலர் குளிரைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். விபத்துக்குப்பின் விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது இதை: வளையங்கள் பழுதான பயணங்களை மட்டும் வெப்பநிலைக்கு எதிராகப் போட்டால், குளிரிலும் பழுது, வெயிலிலும் பழுது, ஒரு போக்கும் தெரியாது. பழுதே இல்லாத பயணங்களையும், அதாவது சுழியப் புள்ளிகளையும், சேர்த்துப் போட்டால் படம் மாறிவிடுகிறது. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் கிளம்பிய 20 பயணங்களில் 3-ல்தான் பழுது. 63-ம் அதற்குக் கீழும் கிளம்பிய 4 பயணங்களில் நான்கிலுமே பழுது.

"ஒண்ணும் நடக்கல, அதை எதுக்குப் போடணும்" என்று தோன்றும் புள்ளிகள்தான் அவை. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், பயமுறுத்துவதற்காக இல்லை. சுழியமும் ஓர் அளவு, அதற்கும் தாளில் இடம் உண்டு.

அன்றைக்குக் காலை வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இருந்தது. அதுவரை கிளம்பிய பயணங்களில் மிகக் குளிரானது 53 டிகிரி. புள்ளிகள் முடிந்த இடத்துக்கு வெகு தூரம் அப்பால் ஒரு முடிவெடுத்தார்கள்.

பிப்ரவரி 16

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ கோட்டைப் புள்ளிகளுக்கு அப்பால் நீட்டவே கூடாதா, நீங்களும்தானே மெழுகுவத்தி தீரும் நேரத்துக்கு நீட்டினீர்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். நீட்டலாம். ஆனால் நீட்டும்போது புள்ளிகள் நமக்குத் துணை வராது, நம் காரணம் மட்டும்தான் வரும். மெழுகுவத்தி மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன், ஒரே திரி, ஆகவே இதே வேகத்தில் கரையும் என்பது எங்கள் காரணம். திரி மூழ்கும் என்று யோசிக்கவில்லை, 148-ல் அது எங்களைத் திருத்தியது.

நீட்டியதால் பெரிய விஷயம் கிடைத்ததும் உண்டு. வாயுவைக் குளிர்வித்தால், அழுத்தம் மாறாமல் இருக்கும்வரை, கன அளவு நேர்கோட்டில் குறைகிறது. அந்தக் கோட்டை இடப்பக்கம் நீட்டினால் −273 டிகிரி செல்சியஸ் அருகே சுழியத்தைத் தொடுகிறது. வாயு அதற்கு முன்பே திரவமாகிவிடும், அந்தக் கோட்டில் கடைசிவரை யாரும் நடந்து போக முடியாது. ஆனாலும் கோடு காட்டிய இடம் வெறும் காகிதப் புள்ளி இல்லை, அதற்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாத தனிச்சுழி வெப்பநிலை அதுதான்.

மறுபக்கமும் உண்டு. 2004-ல் ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்ட நேரங்களுக்கு ஆண்கள், பெண்கள் என்று தனித்தனிக் கோடு போட்டு நீட்டி, 2156-ல் பெண்கள் ஆண்களை முந்துவார்கள் என்று ஓர் ஆய்வுக் குறிப்பு வந்தது. அதே கோடுகளை இன்னும் நீட்டிக்கொண்டே போனால் ஓடத் தொடங்கும் முன்பே ஓடி முடித்துவிடுவார்கள். கால்களுக்கு ஓர் எல்லை உண்டு, கோட்டுக்கு இல்லை.

பிப்ரவரி 20

சின்னக் குறிப்பு. சாய்வு இருக்கிறது என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் காலணி அளவையும் வாசிக்கும் திறனையும் வரைபடத்தில் போட்டால் நல்ல நேர் ஒட்டுறவு வரும், அதாவது ஒன்று கூடக்கூட மற்றதும் கூடும். பெரிய காலணி வாங்கிக் கொடுத்தால் வாசிப்பு வராது, இரண்டுக்கும் பின்னால் வயது நிற்கிறது. பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும், ரொம்ப விளக்கத் தேவையில்லை.

பிப்ரவரி 22

இப்போதெல்லாம் கணினியில் எண்களைக் கொடுத்தால் கோடு தானே வந்துவிடுகிறதே, கையால் எதற்கு என்று கேட்கிறீர்கள். 1973-ல் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு அட்டவணைகளை வெளியிட்டார், ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்குக்கும் சராசரிகள் ஒன்று, ஒட்டுறவு ஒன்று, கோடும் ஒன்றே: ஒய் = 3 + 0.5 எக்ஸ். வரைந்து பார்த்தால் முதலாவது சாதாரணச் சிதறல். இரண்டாவது வளைவு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் கச்சிதமான நேர்கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் எகிறி நின்று கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்தில், தனித்து நிற்கும் ஒரே புள்ளிதான் முழுக் கோட்டையும் தீர்மானிக்கிறது. கணினி நான்குக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். கோட்டைக் கணினி போடட்டும், ஆட்சேபனை இல்லை. புள்ளிகளை மட்டும் பிள்ளை தன் கையால் வைக்கட்டும்.

பிப்ரவரி 28

அண்ணன் மகள் இரண்டாவது மெழுகுவத்தியை நான் இல்லாமலே எரித்திருக்கிறாள். இந்த முறை சரியான அளவுகோல், எட்டுப் புள்ளிகள். தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஏழு புள்ளிகள் கோட்டை ஒட்டி இருந்தன, 50-வது நிமிடத்தின் புள்ளி நன்றாகக் கீழே, அதற்கு அடுத்தவை எல்லாம் மறுபடி கோட்டுக்கே வந்திருந்தன. அழிக்கவில்லை, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"உயரம் திரும்பக் கூடியிருக்க முடியாதுல்ல அத்தை, அப்போ நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன். 12.4-ஐ 11.4-னு எழுதியிருப்பேன்" என்றாள். அப்படியே மாற்றிவிடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "எழுதியிருப்பேன்னுதான் சொன்னேன், எழுதினேன்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு, வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாள். இன்னொரு மெழுகுவத்தி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.